போரும் குற்றமும்

திருடனையும் கொலைகாரனையும் பற்றிக் குற்றவியல் நூல்கள் பக்கம் பக்கமாக ஆராய்கின்றன. ஓர் அரசே கொன்று குவித்தால் குற்றவாளி யார்? டோக்கியோ நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி இதுதான். 1948-இல் 25 ஜப்பானியத் தலைவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று, எழுவர் தூக்கிலிடப்பட்டனர்.

பதினொரு நீதிபதிகளுள், கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த ராதாபினோத் பால் ஒருவரே அனைவரும் குற்றமற்றவர் என்றார். நான்கிங் கொடுமைகளை அவர் மறுக்கவில்லை. போர் தொடுப்பது அன்று சட்டப்படி குற்றமன்று. செயலுக்குப் பின் சட்டம் செய்து தண்டிப்பது நீதியாகாது என்றார். அணுகுண்டையும் சுட்டிக் காட்டினார்.

வாதம் வலிமையானதே. எனினும் நான்கிங்கில் மாண்டவரை எண்ணும்போது அம்முடிவு என் நெஞ்சில் ஒட்டவில்லை.

2002 முதல் ஹேகில் நிரந்தர நீதிமன்றம் இயங்குகிறது. சட்டம் இப்போது முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஏன், நம் இந்தியாவும் அதில் உறுப்பு நாடல்ல.