அம்பேத்கருக்கு முன்னால் இருந்தவர்கள்

ஏப்ரல் 14 வந்தால் நம் சேரிகளில் அண்ணல் படத்துக்கு மாலை போடுகிறோம். அவருடைய வெளிநாட்டுப் படிப்பையும் அரசமைப்புச் சட்டத்தையும் மேடையில் பேசுகிறோம். அவர் எந்த மக்களின் முயற்சியிலிருந்து எழுந்தார் என்று ஒரு மாணவர் கேட்டால், நம்மில் பலர் தடுமாறுகிறோம்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர் அமெரிக்கப் பேராசிரியர் எலினார் செல்லியட் (1926 - 2016). 1960களில் மராட்டிய மண்ணுக்கு வந்து, இயக்கத்தில் இருந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். அம்பேத்கரும் மகர் இயக்கமும் பற்றிய ஆய்வுக்காக, 1969இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு முதல் 1997 வரை கார்ல்டன் கல்லூரியில் வரலாறு கற்பித்தார்.

அண்ணலின் வரலாற்றை அவர் மகர்களின் ஊர் ஊழியத்திலிருந்து தொடங்கினார். சேதி சொல்வது, எல்லைத் தகராறில் சாட்சி நிற்பது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது என்று நம் ஊர் வெட்டியான் வேலையை ஒத்த ஊழியம் அது. அதிலிருந்து வெளியேறச் சிலருக்கு ராணுவம் வழிவிட்டது. அண்ணலின் தந்தை ராம்ஜி ராணுவ சுபேதார். அந்த வீட்டுக்குள் படிப்பும் அவ்வழியே வந்தது.

1890களில் மகர்களை ராணுவத்தில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியது. ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். அடுத்து புனேயில் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே மனு அனுப்பினார், பத்திரிகை நடத்தினார். அண்ணலுக்கு முன்பே போராடிய இவர்களைச் செல்லியட் வரலாற்றில் உரிய இடத்தில் வைத்தார். பண்டரிபுரம் கோயிலுக்குள் விடப்படாத 14ஆம் நூற்றாண்டு பக்தர் சோகாமேளரைப் பற்றியும் எழுதினார். நம் நந்தனாரை நினைவூட்டும் வாழ்க்கை அது.

அவருடைய ஆய்வேடு நூலாக வெளிவர 35 ஆண்டுகள் ஆயின. 1992இல் முல்க் ராஜ் ஆனந்துடன் சேர்ந்து தலித் இலக்கியத் தொகுப்பு ஒன்றையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

கடல் கடந்து வந்தவர் நம்மவர்களின் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதினார். நம் ஊரில் சாவுக்குப் பறையடிக்க மாட்டேன் என்று முதலில் சொன்னவர் யார்? இரவுப் பள்ளி தொடங்கியவர் யார்? தேநீர்க் கடையில் தனிக் குவளையை மறுத்தவர் யார்? அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் தாத்தா பாட்டியிடம் போய் உட்காருங்கள். பெயரையும் ஆண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் போன பிறகு யாரிடம் கேட்போம்?