சங்கிலியை அடகு வைத்துக் குறி பார்ப்பதா?

சென்ற வாரம் தோழர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். லேத் பட்டறையில் இருபது ஆண்டுகளாகக் கடைசல் பிடிப்பவர். கையில் ஒரு காகிதம். காகிதம் நிறையக் கணக்கு. வெளிநாட்டு ஏர் பிஸ்டல் ஒன்று, விலை இலட்சத்தைத் தாண்டுகிறது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்தால் பாதி. மீதிப் பாதி வட்டிக்கு.

"ஞாயிற்றுக்கிழமை தோறும் குறி பார்த்துச் சுடும் ஆட்டத்துக்குப் போக ஆசை. கிளப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். துப்பாக்கிதான் பாக்கி. என்னால் ஒன்றுதான் வாங்க முடியும். அதையும் ஒரு முறைதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?" என்றார்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "உழைக்கிறவனுக்கு எதற்கையா இந்த ஆட்டம்? அது மகாராஜாக்கள் விளையாட்டு" என்றார்.

தோழர்களே, அந்தச் சிரிப்புக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். 1886-இல் சிகாகோ நகரத்துத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தெருவுக்கு வந்தார்களே, எதற்காக? மிஞ்சிய நேரத்தில் உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்கா? மனிதன் படிக்க, பாட, ஆட, தன் பிள்ளையோடு சிரிக்க நேரம் வேண்டும் என்பதற்காகத்தானே! ஓய்வு நேரம் நம்முடையது என்றால், அந்த நேரத்தில் என்ன ஆடுவது என்று முடிவு செய்யும் உரிமையும் நம்முடையதுதான். சீமான் ஆடினால் விளையாட்டு, சித்தாள் ஆடினால் திமிரா?

மகாராஜாக்கள் ஆடியது உண்மை. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் பந்தயங்களில் துப்பாக்கி ஏந்தினார். திறமைசாலி, மறுப்பதற்கில்லை. ஆனால் காலம் நின்றுவிடவில்லை. 2012-இல் இலண்டனில் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெள்ளி வென்ற விஜய் குமார் அப்போது இராணுவத்தில் சுபேதார். 2018-இல் ஆசியப் பந்தயத்தில், பதினாறு வயதில், ஏர் பிஸ்டலில் தங்கம் வென்ற சௌரப் சௌத்ரி மீரட் அருகே ஒரு கிராமத்து உழவரின் மகன். 2024-இல் பாரிசில் ரைஃபிள் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே அப்போது இரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். மகாராஜாக்களின் விளையாட்டு என்பது பழங்கணக்கு!

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. ஹங்கேரி நாட்டுக் காரோய் தாகாச் இராணுவத்தில் வெறும் சார்ஜெண்ட். அதிகாரிகளுக்குத்தான் ஒலிம்பிக்கில் இடம், உனக்கு இல்லை என்று 1936-இல் ஒதுக்கினார்கள். 1938-இல் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து, சுடுகிற வலது கையே சிதைந்துபோனது. அத்தோடு முடிந்தது என்று உலகம் நினைத்தது. அவரோ ஓசைப்படாமல் இடது கையைப் பழக்கினார். 1948-இல் இலண்டனில் தங்கம். 1952-இல் ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம்! அவரைத் தூக்கி நிறுத்தியது விலையுயர்ந்த கருவியா? விடாமல் பழகிய கை!

இனி, தோழரின் கேள்விக்கு வருவோம். எதை வாங்குவது?

முதலில் சட்டம். 1878-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமம் கட்டாயம் என்றது. ஐரோப்பியனுக்கு விலக்கு அளித்தது. அந்த அநீதி போய், 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. 2016-இன் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. வெடிமருந்தில் சுடும் .22 கைத்துப்பாக்கிக்கோ உரிமம் வேண்டும். தோட்டாவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே உழைப்பவர் வாங்கும் ஒரே துப்பாக்கி ஏர் பிஸ்டலாக இருக்கட்டும். ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் போட்டியில் சுடுவதும் இந்த 4.5 மில்லிமீட்டர்தான். வாங்கும்போது ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஏர் பிஸ்டலிலும் நான்கு வகை உண்டு. அவற்றின் குணம் தெரியாமல் கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

ஒன்று, ஸ்பிரிங் வகை. விலை குறைவு. ஆனால் விசையைத் தொட்டதும் உள்ளே பிஸ்டன் பாய்கிறது. குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி குலுங்கிவிடுகிறது. தேர்ந்த கையையும் அது ஏமாற்றும்.

இரண்டு, கரியமில வாயுக் குப்பி வகை. சுடுவது எளிது. ஆனால் வெயில் ஏறினால் அழுத்தம் ஏறும், குளிர்ந்தால் இறங்கும்; காலையில் வைத்த குறி மதியத்தில் நிற்காது. குப்பி தீரத் தீரக் காசு.

மூன்று, காற்று உருளை வகை. பெரிய போட்டிகளில் பெரும்பாலும் இதுதான். மெத்தென்று சுடும். ஆனால் விலை அதிகம். உருளையை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பப் பம்பு வேண்டும், அல்லது தொட்டி வேண்டும். அந்த உருளைக்கு ஆயுளும் உண்டு. கூடிப்போனால் பத்து ஆண்டு. பழைய துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்கிறவர்கள் உருளையில் பொறித்த தேதியைப் பார்க்காமல் வாங்கி ஏமாறுகிறார்கள்.

நான்கு, ஒரே அழுத்து வகை. நெம்புகோலை ஒரு முறை இழுத்து மூடினால், ஒரு குண்டுக்கு வேண்டிய காற்று உள்ளே அழுந்தி நிற்கும். உருளை இல்லை, குப்பி இல்லை, தொட்டி இல்லை. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு அழுத்தம். பிஸ்டன் பாயும் குலுக்கலும் கிடையாது. இரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரத்தில் செய்த இஷ்-46 இந்த வகைதான். குறைந்த விலையில் போட்டித் தரம் என்று பல நாடுகளிலும் பெயர் வாங்கியது. குறை ஒன்று உண்டு: ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோல் இழுக்க வேண்டும், அறுபது குண்டுக்கு அறுபது தடவை. லேத் பிடித்த கைக்கு அது ஒரு பாரமா?

ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் சொல்வது இந்த நான்காவது வகையைத்தான்.

வகையைத் தேர்ந்தாயிற்று. கடையில் எடுத்துப் பார்க்கும்போது மூன்று சோதனைகள்.

முதல் சோதனை பிடி. மிகயீல் மார்கோலின் என்ற சோவியத் வடிவமைப்பாளர் தம் பதினெட்டாவது வயதில் காயம்பட்டுக் கண்ணிழந்தவர். மெழுகிலும் களிமண்ணிலும் உறுப்புகளைச் செய்து, விரலால் தடவித் தடவியே ஒரு .22 கைத்துப்பாக்கியை உருவாக்கினார். 1954-இல் உலகப் போட்டிக்குப் போன சோவியத் வீரர்கள் அவர் வடித்த துப்பாக்கியை ஏந்தினார்கள். பார்வையற்றவர் செய்தது பார்வையுள்ளவர்க்குக் குறி காட்டியது! நீங்களும் கண்ணை மூடிக்கொண்டே சோதியுங்கள். குண்டில்லாத துப்பாக்கியை ஒரு கையில் ஏந்தி, கண்ணை மூடி, சுவரை நோக்கி உயர்த்துங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். முன்னே உள்ள குறிமுனை பின்னே உள்ள பள்ளத்தின் நடுவில் தானாக வந்து நின்றால் அந்தப் பிடி உங்கள் கைக்கு ஏற்றது. சற்று விலகியிருந்தால் மரப்பிடியை அரத்தால் இழைத்துச் சரி செய்யலாம். அதை லேத்காரருக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டுமா!

இரண்டாவது, ட்ரிகர் எனும் விசை. போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலின் விசை 500 கிராமுக்குக் குறையாத எடையைத் தாங்க வேண்டும். துப்பாக்கியின் மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. விசை கனமாகவும் கரகரப்பாகவும் இருந்தால் விரலோடு சேர்ந்து துப்பாக்கியே திரும்பும். எடையைத் திருகாணியில் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, குறி. பின்குறியை மேலும் கீழும் இடமும் வலமும் நகர்த்த முடிய வேண்டும். கணக்கைப் பாருங்கள்: இரு குறிகளுக்கும் இடைவெளி 33 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்முனை ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பத்து மீட்டர் தூரத்தில் குண்டு 30 மில்லிமீட்டர் பிசகும். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு வெறும் 11.5 மில்லிமீட்டர்! ஒரு மில்லிமீட்டர் பிசகு உங்களைக் கறுப்பு வட்டத்தின் விளிம்புக்கே தள்ளிவிடும். அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பது கண்ணும் கையும் மூச்சும். இலட்ச ரூபாய் அதைக் காக்காது.

2021-இல் டோக்கியோவில் மனு பாக்கரின் உயர்தரத் துப்பாக்கி, தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி நின்றது. பொன்னான நிமிடங்கள் போயின. இறுதிச் சுற்றும் போயிற்று. 2024-இல் பாரிசில் அதே வீராங்கனை இரண்டு வெண்கலம் வென்றார். கருவி கைவிட்டது, பயிற்சி கைவிடவில்லை. அதே பாரிசில் துருக்கியின் யூசுஃப் டிகேச், ஐம்பத்தொரு வயதுக்காரர், கண்ணுக்குச் சிறப்பு லென்சும் மறைப்பும் இல்லாமல், அன்றாடக் கண்ணாடியோடு, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் போட்டபடி சுட்டு, கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வாங்கிப் போனார். உலகமே வியந்தது!

ஆகவே பணத்தை எங்கே போடுவது? பெல்லட்டில் போடுங்கள். ஒரு போட்டிக்கு 60 குண்டு. மாதத்தில் 25 நாள், நாளுக்கு 60 என்றால் 1500 குண்டு. 500 அடங்கிய டப்பா மூன்று. துப்பாக்கி ஒரு முறைச் செலவு. பெல்லட்டோ மாதச் செலவு. கையில் உள்ளதையெல்லாம் துப்பாக்கிக்குக் கொட்டிவிட்டுப் பெல்லட்டுக்குக் காசில்லாமல் நின்றால் என்ன ஆகும்? இலட்ச ரூபாய்த் துப்பாக்கி பெட்டியில் உறங்கும்; அடகுக் கடையில் வட்டி மட்டும் உறங்காது!

காசே கேட்காத பயிற்சியும் ஒன்று உண்டு. வெற்றுச் சுவரைப் பார்த்து, குண்டில்லாமல், குறிமுனை அசையாதபடி விசையை அழுத்திப் பழகுவது. ஸ்பிரிங் வகையில் இதைச் செய்தால் துப்பாக்கி கெடும். ஆகவே வாங்கும்போதே, காற்றில்லாமல் விசையை மட்டும் இயக்க வழி உண்டா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். காற்றுத் துப்பாக்கிதானே என்று அலட்சியம் வேண்டாம். அது கண்ணைப் பறிக்கும். குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழல் ஆளை நோக்கக் கூடாது. குறி வைக்கும்வரை விரல் விசையில் கூடாது. பெட்டியில் பூட்டி, சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணாடி அணிந்து சுடுங்கள். ஈயம் நஞ்சு; சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள். துப்பாக்கியை இடுப்பில் செருகித் தெருவில் உலவுவது பண்ணையார்களின் வழக்கம். ஊரை மிரட்ட அவர்களுக்கு அது தேவைப்பட்டது. நம் குறி காகிதத்தின் மேல். நம் போட்டி நம் கை நடுக்கத்தோடு!

இவ்வளவையும் கேட்ட தோழர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இப்போது எதுவும் வாங்க வேண்டாமா?" என்றார்.

"மூன்று மாதம் கிளப்புத் துப்பாக்கியில் சுடுங்கள். பிடியும் விசையும் எப்படி இருக்க வேண்டும் என்று அதற்குள் உங்கள் கையே சொல்லும். பிறகு சேமித்த காசில் ஒன்று வாங்குங்கள். வாங்கிய ஒன்றைப் பல ஆண்டுக்கு மாற்றாதீர்கள்" என்றேன்.

காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பார்த்து இரும்பு சீவுகிறேன். இதுவும் வராமலா போகும்?" என்று சிரித்தார்.

வரும், தோழரே, வரும்! சங்கிலி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கையோடு மட்டும் போங்கள்.