நண்பன் காதலில் ஜெயித்தால் நமக்கு ஏன் வயிறு எரிகிறது? - 'சஷ்மே பத்தூர்' சொல்லும் பதில்!

ஒரே வாடகை வீடு. ஒரே சிகரெட்டை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளும் நட்பு. தெருமுனை பான் கடையில் மூவருக்கும் சேர்த்து ஏறிக்கொண்டே போகும் கடன் கணக்கு. அந்த வீட்டுக் கதவை ஒரு நாள் ஒரு பெண் தட்டினால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை வைத்து 1981-ல் வந்த இந்திப் படம்தான் 'சஷ்மே பத்தூர்'. இயக்கியவர் சாய் பராஞ்ச்பே. சண்டை இல்லை, கவர்ச்சி இல்லை, பெரிய பட்ஜெட்டும் இல்லை. ஆனால், இந்திய ரொமான்டிக் காமெடிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் இந்தப் படத்தின் பெயர் வந்துவிடுகிறது.

டெல்லியில் தங்கியிருக்கும் மூன்று நண்பர்கள். சித்தார்த் (ஃபரூக் ஷேக்) புத்தகமும் கையுமாக இருக்கும் பொருளாதார மாணவன். ஓமியும் (ராகேஷ் பேடி) ஜோமோவும் (ரவி பாஸ்வானி) அப்படியே நேரெதிர். படிப்பை ஓரம்கட்டிவிட்டுப் பெண்கள் பின்னால் சுற்றுவதே அவர்களின் முழுநேர வேலை. பக்கத்தில் குடிவரும் நேஹாவை (தீப்தி நவல்) பார்த்ததும் இருவரும் தனித்தனியாக 'ரூட்' விடப் போகிறார்கள். இருவருமே மூக்குடைபட்டுத் திரும்புகிறார்கள்.

தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்களா என்றால், அதுதான் இல்லை. "அவ என்கிட்ட மயங்கிட்டாடா" என்று ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால், படத்தின் மொத்தப் பிரச்னைக்கும் விதை இந்தப் பொய்தான்.

சலவைத்தூளில் பூத்த காதல்

'சம்கோ' சலவைத்தூள் விற்க வீடு வீடாக வரும் நேஹா, இவர்கள் கதவையும் தட்டுகிறாள். ஏற்கெனவே அவமானப்பட்ட இருவரும் ஒளிந்துகொள்ள, கதவைத் திறப்பது சித்தார்த். துணியை நுரையில் தோய்த்து அவள் டெமோ காட்ட, அவன் தயங்கித் தயங்கிப் பேச, சத்தமே இல்லாமல் ஒரு காதல் ஆரம்பிக்கிறது. தமிழ் ரசிகர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: படத்தின் பாடல்களில் ஒலிப்பது நம் கே.ஜே.யேசுதாஸின் குரல்.

நண்பன் காதலிக்கிறான் என்று தெரிந்தால் நண்பர்கள் கொண்டாட வேண்டும் இல்லையா? ஆனால், அந்தப் பெண் யார் என்று தெரிந்ததும் ஓமிக்கும் ஜோமோவுக்கும் முகம் கறுத்துவிடுகிறது. 'நமக்குக் கிடைக்காதது இவனுக்கு எப்படி?' என்ற பொறாமை. தங்கள் கெத்துக்காகக் கட்டிய அதே கதைகளைச் சித்தார்த்திடம் உண்மைபோலச் சொல்கிறார்கள். அவன் நம்பிவிடுகிறான். காதல் முறிகிறது.

திருஷ்டி யாருடைய கண்ணில்?

'சஷ்மே பத்தூர்' என்றால் 'கெட்ட கண் விலகட்டும்' என்று பொருள். நம் ஊரில் திருஷ்டி கழிப்பது போலத்தான். 'கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது' என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்தக் கண்ணடிதான். இந்தப் படத்தில் அது ஊர்க் கண்ணோ, எதிரியின் கண்ணோ இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பர்களின் கண்.

கஷ்டத்தில் தோள் கொடுக்கும் நண்பர்கள் நிறைய பேர் கிடைப்பார்கள். நாம் ஜெயிக்கும்போது மனசார சிரிப்பவர்கள்தான் குறைவு. நட்புக்குக் காதல் வைக்கும் நிஜமான பரீட்சை 'அவள் யாருக்கு?' என்பது இல்லை, 'அவன் சந்தோஷத்தை உன்னால் தாங்க முடியுமா?' என்பதுதான்.

அந்தப் பரீட்சையில் சித்தார்த்தும் பாஸ் ஆகவில்லை என்பதுதான் படத்தின் நேர்மை. நண்பர்கள் சொன்னதை நம்பினானே தவிர, நேஹாவிடம் போய் 'இது நிஜமா?' என்று அவன் முதலில் கேட்கவே இல்லை. மூன்று ஆண்கள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, அங்கே இல்லாத ஒரு பெண்ணைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அன்றைக்கு வாய்வார்த்தை, இன்றைக்கு வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட். கேட்காமலே முடிவு செய்யும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

நண்பன் உடைந்துபோவதைப் பார்த்துக் குற்ற உணர்ச்சியில் தவிக்கும் இருவரும், காதலர்களைச் சேர்த்துவைக்கப் போலிக் கடத்தல் நாடகம் ஒன்றைத் திட்டமிடுகிறார்கள். அது நிஜக் கடத்தலாக மாற, க்ளைமாக்ஸ் முழுக்கக் கலாட்டாதான்.

அதே ஆண்டில் நம் ஊரிலும்!

ஆச்சர்யம் என்னவென்றால், அதே 1981-ல் தமிழிலும் மூன்று நண்பர்கள் ஒரு பெண்ணைச் சுற்றி வந்தார்கள். கே.பாக்யராஜின் 'இன்று போய் நாளை வா'. ராதிகாவின் வீட்டுக்குள் நுழைய ஒரு நண்பர் இந்தி கற்கப் போகும் காட்சி இன்றும் மீம்களில் ஓடுகிறது. அதில் வரும் 'ரகு தாத்தா', 2024-ல் கீர்த்தி சுரேஷ் படத்துக்குத் தலைப்பாகவே ஆகிவிட்டது.

இரண்டு படங்களும் 2013-ல் மறுபிறவி எடுத்தன. இங்கே சந்தானம் நடித்த 'கண்ணா லட்டு தின்ன ஆசையா'. அங்கே டேவிட் தவான் இயக்கத்தில், கோவாவைக் களமாக வைத்து ஒரு ரீமேக். அதில் நடித்தவர்களில் நமக்குப் பழக்கமான சித்தார்த்தும் டாப்ஸியும் உண்டு. அந்த ரீமேக் வெளியான அதே நாளில், 2013 ஏப்ரல் 5 அன்று, பழைய படமும் டிஜிட்டலில் மெருகேற்றப்பட்டுத் தியேட்டருக்கு வந்தது. அந்த மறுவருகையைப் பார்த்துவிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார் ஃபரூக் ஷேக்.

தாத்தா, பாட்டி முதல் பேரன், பேத்தி வரை சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். பார்த்து முடித்ததும், உங்கள் நண்பர் ஒருவர் கடைசியாக ஒரு நல்ல சேதி சொன்னபோது, உங்கள் முகம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாழ்த்து சொல்லாமல் விட்டிருந்தால், இப்போதே ஒரு போன் போட்டுவிடுங்கள்!