பொலியைச் சுற்றி ஒரு வைக்கோற் பிரி

அளந்த மண் – 9

களத்தில் நெல் அளப்பவர் 'ஒன்று' என்று சொல்லமாட்டார். முதல் மரக்காலை முகந்து கொட்டும்போது 'லாபம்' என்பார். அதற்குப் பிறகுதான் 'ரெண்டு, மூணு' என்று எண்ணிக்கை நடக்கும். அன்னவாசல் பக்கம் எங்கள் களத்தில், தை மாதத்து மாலைகளில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் 'லாபம்' என்ற சொல் எழுவதற்கு முன்பே பொலியில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும். வைக்கோலை முறுக்கிப் பிரியாக்கி, தூற்றிக் குவித்த நெல்லின் அடியைச் சுற்றி ஒரு முறை போடுவார். பிரியை எடுத்து முழம்போட்டுப் பார்ப்பார்.

"எவ்வளவு தேறும் பெரியப்பா?"

"இருபது மூட்டைக்குக் கொறையாதுடா. கூட வந்தா அம்மன் குடுத்தது."

அளந்து முடிக்கும்போது இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் வந்து நிற்கும். பொலியின் உயரத்தை அவர் அளந்து நான் பார்த்ததே இல்லை.

இது எப்படி என்பது வெகுகாலம் எனக்கு விளங்கவில்லை. பத்தாம் வகுப்பில் அளவியல் பாடம் நடந்தபோதும் விளங்கவில்லை. அங்கே கூம்பு என்றால் ஆரத்தையும் உயரத்தையும் கையில் கொடுத்துவிடுவார்கள். மூன்றில் ஒரு பங்கு, பை, ஆரத்தின் வர்க்கம், உயரம் என்று பெருக்கினால் விடை. களத்திலோ ஆரம் நெல்லுக்குள் புதைந்து கிடக்கிறது. உச்சியிலிருந்து நேர் கீழே இறங்கும் உயரமும் உள்ளேதான் இருக்கிறது. வெளியே நிற்பவனின் கைக்கு எட்டுவது அடிச்சுற்று ஒன்றுதான்.

அந்த ஒன்றே போதும் என்று கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டில் எழுதிவிட்டார். 1150இல் பாஸ்கரர் லீலாவதி என்ற கணித நூலில் அதைத் திரும்பச் சொன்னார். தானியக் குவியலுக்கென்றே அந்த நூல்களில் தனிப் பகுதி உண்டு. அடிச்சுற்றை ஆறால் வகு, வந்ததை வர்க்கமாக்கு, உயரத்தால் பெருக்கு, அதுவே குவியலின் கன அளவு. உயரத்துக்கு எங்கே போவது? அதையும் சுற்றளவே சொல்லும். பருத்த தானியமானால் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு உயரம். பொடித் தானியமானால் பதினொன்றில் ஒரு பங்கு. வால் உள்ள தானியமானால் ஒன்பதில் ஒரு பங்கு.

இந்த மூன்று எண்களையும் முதன்முதலில் படித்த அன்று நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். தானியத்தைத் தூவிக்கொண்டே போனால் குவியல் ஒரு சரிவு வரைக்கும்தான் நிமிரும். அதைத் தாண்டினால் சரிந்து அகலும். எவ்வளவு கொட்டினாலும் அந்தச் சரிவு மாறாது. ஒன்பதில் ஒரு பங்கு உயரம் என்றால் சரிவு ஏறக்குறைய 35 பாகை. பத்தில் ஒரு பங்குக்கு 32. பதினொன்றுக்கு 30க்குச் சற்றுக் குறைவு. சொரசொரப்பான உமியும் மூக்கும் கொண்ட நெல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும்; வழுக்கும் பொடித் தானியம் தாழ்ந்து படுக்கும். இன்று தானியக் கிடங்கு கட்டும் பொறியாளர்கள் நெல்லுக்கு எடுத்துக்கொள்ளும் சரிவும் 35 பாகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. யாரோ பல களங்களில், பல தானியங்களில், கயிறும் கோலுமாக நின்று பார்த்துத்தான் இந்த மூன்று எண்களைப் பிரித்திருக்க வேண்டும்.

பெரியப்பாவின் பொலியைப் போட்டுப் பார்ப்போம். அடிச்சுற்று 9 மீட்டர் என்று வையுங்கள். நெல்லை வால் உள்ள தானியமாகக் கொண்டால் உயரம் ஒன்பதில் ஒன்று, அதாவது 1 மீட்டர். ஒன்பதை ஆறால் வகுத்தால் ஒன்றரை. அதன் வர்க்கம் இரண்டே கால். ஆகவே 2.25 கன மீட்டர் நெல். பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டால் 2.15 வருகிறது. வித்தியாசம் ஏன்? ஆறால் வகுத்து வர்க்கமாக்குவது சுற்றளவின் வர்க்கத்தை 36ஆல் வகுப்பதற்குச் சமம். உண்மையில் வகுக்க வேண்டியது பன்னிரண்டு பை, அதாவது 37.7ஆல். பையை மூன்று என்று வைத்துக்கொண்டதால் வந்த மிகை இது. நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு.

கேட்க அற்பமாகத் தோன்றும். ஒரு கன மீட்டர் நெல் ஏறத்தாழ 575 கிலோ என்று கொண்டால் அந்தப் பொலி 1,236 கிலோ. அறுபது கிலோ மூட்டையில் இருபதரை. பெரியப்பா சொன்னது சரிதான்! மிகை மட்டும் 58 கிலோ. கயிற்றுக் கணக்கை நம்பி ஒருவன் வரி போட்டிருந்தால், இல்லாத ஒரு மூட்டைக்குக் குடியானவன் பங்கு கொடுத்திருப்பான். அதனால்தான் மதிப்பிடுவதற்குக் கயிறு, பங்கு பிரிப்பதற்கு மரக்கால் என்று களம் இரண்டையும் வைத்திருந்தது.

லீலாவதி இன்னும் ஒரு படி இறங்கிவருகிறது. சுவரில் சாய்த்துக் குவித்தால் என்ன செய்வது? அது பாதிக் கூம்பு. அறையின் உள்மூலையில் குவித்தால் கால் கூம்பு. வீட்டின் வெளிமூலையைச் சுற்றிக் குவித்தால் முக்கால் கூம்பு. கைக்கு எட்டும் வில்லை அளந்து, முறையே இரண்டாலும் நான்காலும் 4/3ஆலும் பெருக்கி முழுச் சுற்றாக்கிக்கொள். கன அளவு கண்டபின் அதே எண்ணால் வகுத்துவிடு. திண்ணையிலும் மச்சிலும் நெல் கொட்டியிருக்கும் வீட்டைத் தெரிந்தவர்களுக்கான கணக்கு இது.

கூம்பு உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பதைப் பெரிய கணித மேதைகள்கூட எளிதில் பிடித்துவிடவில்லை. 499இல் எழுதிய ஆரியபட்டர் கூர்ங்கோபுர வடிவத்துக்குப் பாதி என்றே கொடுத்தார். கோளத்துக்கு அவர் தந்த விதி உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு மிகையாகப் போகிறது. வானத்தில் கிரகங்களை அவ்வளவு நுட்பமாகக் கணித்தவர் இங்கே ஏன் சறுக்கினார்? எனக்கு ஓர் எண்ணம் உண்டு. கோளத்தை யாரும் மாலையில் மரக்காலால் அளந்து சரிபார்ப்பதில்லை. நெற்குவியலை அளந்தாக வேண்டும்; அளந்ததை ஊரே பார்க்கும். தவறான விதி களத்தில் ஒரு போகம்கூடத் தாங்காது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு டப்பாவையும், அதே வாயும் அதே உயரமும் உள்ள காகிதக் கூம்பையும் கொடுத்து நெல்லால் நிரப்பச் சொல்லுங்கள். மூன்றாவது கூம்பில் டப்பா விளிம்பு தட்டும்.

இதுவரை உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசினோம். இனி மேற்பரப்பு.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நெடுங்காலம் அமானி முறை இருந்தது. விளைந்ததைச் சர்க்காரும் குடியானவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். பங்கு பிரியும்வரை குவியலில் யாரும் கைவைக்கக் கூடாது. அதற்குக் காவல் போட்டார்கள்; காவலையும் நம்ப முடியாததால் குவியலின் மேல் முத்திரை இட்டார்கள். ஈரமண்ணோ சாம்பலோ வைத்து, எழுத்து வெட்டிய கட்டையால் குவியலின் வளைபரப்பில் குறி பதிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் களங்களில் பரவலாக இருந்தது. கன அளவைக் காப்பதற்குப் பரப்பில் பூட்டு!

அந்தப் பூட்டு ஏன் வேலை செய்தது என்று யோசித்தால் மறுபடியும் அந்த 35 பாகைக்கே வருகிறோம். பொலி தன்னால் நிற்கக்கூடிய சரிவின் விளிம்பில் நிற்கிறது. அடியில் ஒரு கைப்பிடி அள்ளினாலும் மேலே உள்ள நெல் தாங்காமல் சரியும், குறி கலையும். சதுரமாகக் கட்டிய மூட்டை அடுக்கில் முத்திரை வைத்தால் உள்ளே ஒரு மூட்டையை உருவலாம். பொலியில் உருவ முடியாது.

முத்திரைக்கு வழி கண்டவர்களுக்கும் ஆட்களுக்கு வழி காண முடியவில்லை. அறுப்புக்கும் பங்குக்கும் இடையே எத்தனை காவல், எத்தனை கணக்கு, எத்தனை கை! நிலத்துக்கு உரியவனுக்கே தன் நெல்லைத் தொட உரிமை இல்லை என்றால் அவன் எப்படி மனம் வைத்து உழுவான்? 1878இல் நிர்வாகத் தலைமைக்கு வந்த சேஷையா சாஸ்திரி அமானியை ஒழித்து, பணத்தீர்வையைக் கொண்டுவந்தார். புதுக்கோட்டைக்கு அவர் செய்தவற்றில் இதையே நான் முதலில் வைப்பேன்.

அமானி போனாலும் மரக்கால் இருந்தது. நெல்லிலக்கத்தைத் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்பது தூக்கத்திலும் வரும். வாய்பாடு சொல்லாத ஒன்று, அளக்கும் கையில் இருக்கிறது. தலைதட்டி அளப்பது ஒன்று, கோபுரமாகக் குவித்து அளப்பது ஒன்று. குவித்தால் உருளையின் தலையில் ஒரு சின்னப் பொலி உட்கார்ந்துகொள்ளும். அது எவ்வளவு? உயரமும் வாயகலமும் சமமான மரக்காலில் நூற்றுக்குச் சுமார் 12 பங்கு கூடுதல். உயரம் வாயகலத்தில் பாதியே உள்ள அகன்ற மரக்காலில் 23 பங்கு. இரண்டும் தலைதட்டினால் ஒரே அளவு கொள்ளும் பாத்திரங்களாக இருக்கலாம்; குவித்தவுடன் ஒன்று மற்றதைவிட இருமடங்கு கூடுதல் வாங்குகிறது. வாங்கும்போது குவித்து, கூலி கொடுக்கும்போது தலைதட்டினால் ஏழையின் வீட்டுக்குப் போகவேண்டிய நெல் எங்கே தங்கும் என்று சொல்லவேண்டியதில்லை. 1940களில் கீழத்தஞ்சையில் பி. சீனிவாசராவ் வழிநடத்திய விவசாயத் தொழிலாளர் இயக்கம், அரசு முத்திரையிட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்று கேட்டது. அந்தக் கோரிக்கையின் நியாயம் இந்தக் கூம்புக்குள்ளும் இருக்கிறது.

மேற்பரப்பின் இன்னொரு முகத்தைப் பார்க்க ஆவுடையார்கோயிலுக்குப் போக வேண்டும். மாணிக்கவாசகரோடு இணைந்த திருப்பெருந்துறை அது. கருவறையில் ஆவுடையார் மட்டும் உண்டு, லிங்கம் இல்லை. உருவம் இல்லாத ஆத்மநாதருக்கு நைவேத்தியமும் உருவம் இல்லாதது. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கொண்டுவந்து படைகல்லில் பரப்புவார்கள். கீரையும் பாகற்காயும் உண்டு. எழும் ஆவிதான் இறைவனுக்கு.

அந்தப் பரப்புவதைக் கவனியுங்கள். 30 சென்டிமீட்டர் வாயுள்ள அண்டாவில் 20 லிட்டர் சோறு இருப்பதாகக் கொண்டால், காற்றைத் தொடும் பரப்பு வாயின் அளவுதான், 0.07 சதுர மீட்டர். அதையே கல்லில் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் ஒரு சதுர மீட்டர். சோறு அதே சோறு. ஆவி புறப்படும் வாசல் பதினான்கு மடங்கு அகன்றுவிடுகிறது. மண்டபத்தில் நிற்கும்போது அந்த வெண்புகை முகத்தில் படும். கன அளவும் பரப்பும் வேறு வேறு என்பது எனக்கு உடம்பில் உறைத்த இடம் அதுதான்.

ஆவுடையார்கோயில், மணமேல்குடி, அறந்தாங்கிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் கடைசியில் வரும்; அறுப்பும் அதற்கேற்பப் பிந்தும். இப்போது மரக்கால் இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தராசில் வைத்து 40 கிலோ மூட்டையாகப் பிடிக்கிறார்கள். எடைக்குக் கூம்பும் உருளையும் தெரியவேண்டியதில்லை. ஆனால் எடைமேடைக்குப் போவதற்கு முன் நெல் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். அங்கே மறுபடியும் வடிவம் வந்து நிற்கிறது.

பெரியப்பாவின் பொலி குவிந்து நிற்கும்போது அதன் வளைபரப்பு 8 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் 43 சதுர மீட்டர். வெயிலுக்கு ஐந்தரை மடங்கு நெல் முகம் காட்டும். மழைக்கும் அப்படியே. ஆகவே பகலில் விரிப்பதும், மேகம் கறுத்தால் குவிப்பதுமாகக் காலம் போகிறது.

குவித்த பிறகு தார்ப்பாய். உச்சியிலிருந்து அடிவரை சாய்வு 1.75 மீட்டர்; இருபுறமும் சேர்த்து மூன்றரை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டடிப் பாய் விளிம்பைத் தொட்டுவிடும். எட்டுப் பேர் எட்டுக் குவியல் போட்டால் எட்டுப் பாய், மொத்தம் 1,152 சதுர அடி. எட்டையும் சேர்த்து ஒரே அம்பாரமாக்கினால் சுற்றும் உயரமும் இரண்டு மடங்குதான் ஆகும். இருபத்துநான்குக்கு இருபத்துநான்கடிப் பாய் ஒன்று போதும், 576 சதுர அடி. சரிபாதி.

ஆனால் எட்டுப் பேரின் நெல்லும் ஒன்றல்ல. ஒருவருடையது காய்ந்தது, ஒருவருடையது ஈரம்; ஒருவருக்கு நாளை எடை, ஒருவருக்கு அடுத்த வாரம். அதனால் எட்டுப் பொலியும் தனித்தனியாகவே நிற்கின்றன. சாலையோரக் களத்தில் தூறல் விழும்போது, தன் பொலியை மூடிவிட்டவர் பக்கத்துப் பொலியின் பாய் முனையை இழுத்துப் பிடிக்கிறார். அந்தப் பொலிக்காரர் செங்கல்லோடு ஓடிவருகிறார்.