அட்மிஷன் கடிதம் வந்த பிறகும் கிரேடு முக்கியம்

2017 ஜூலை மாதக் கடைசியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துப் பெற்றோர் பலரைக் கலங்கடித்த செய்தி அது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம், 499 மாணவர்களுக்குக் கொடுத்த அட்மிஷனை ரத்து செய்திருந்தது. வகுப்பு தொடங்க இரண்டே மாதம். இர்வைனை நம்பி மற்ற கல்லூரிகளை வேண்டாமென்று சொல்லிவிட்ட பிள்ளைகள்! சுமார் 290 பேருக்கு டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளியின் மதிப்பெண் பட்டியல்) வந்து சேர்வதில் சிக்கல் என்று காரணம் சொல்லப்பட்டது. மற்றவர்களில் பலருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு கிரேடு சரிந்திருந்தது.

அந்த ஆண்டு எதிர்பார்த்ததைவிட 800-க்கும் அதிகமானோர் சேரச் சம்மதித்திருந்தார்கள். ஆளைக் குறைக்கத்தான் இந்தக் கெடுபிடி என்று கொதித்தார்கள் மாணவர்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் வளாகத் தலைவர் ஹோவர்ட் கில்மன் மன்னிப்புக் கேட்டு, ரத்தானவர்களைத் திரும்பச் சேர்ப்பதாக அறிவித்தார். கிரேடு சரிந்தது டிரான்ஸ்கிரிப்டில் உறுதியானவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இந்த ஆபத்து அங்குள்ள கால அட்டவணையிலேயே இருக்கிறது. விண்ணப்பங்கள் நவம்பரிலிருந்து ஜனவரி தொடக்கத்துக்குள் போய்விடும். மார்ச் இறுதிக்குள் முடிவு தெரியும். மே 1-க்குள் எந்தக் கல்லூரி என்று சொல்லிவிட வேண்டும். பள்ளியோ மே கடைசி, ஜூன் வரை நடக்கும். இந்த இடைவெளியில் வரும் அசட்டைக்கு 'சீனியரைட்டிஸ்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பிளஸ் டூ மார்க் வந்த பிறகுதான் அட்மிஷன் என்று வளர்ந்த தமிழ்ப் பெற்றோருக்கு, சீட் கிடைத்த பிறகும் பரீட்சை பாக்கி இருப்பது சட்டென்று உறைப்பதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பின் முதல் செமஸ்டரிலேயே, முடிவு வருமுன் சரிவது இன்னும் மோசம். ஜனவரி, பிப்ரவரியில் பள்ளி கவுன்சிலர் அனுப்பும் இடைக்கால அறிக்கையைப் போட்டி மிகுந்த தனியார் கல்லூரிகள் கவனித்துப் படிக்கின்றன. முன்கூட்டியே விண்ணப்பித்து, 'பிறகு முடிவு சொல்கிறோம்' என்று ஒத்திவைக்கப்பட்ட மாணவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய ஃபைலில் கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் பழையவை. புதிதாக வருவது பெரும்பாலும் இந்த கிரேடுகள்தான். மூன்று வருடம் 'ஏ' வாங்கியவர், இன்ஜினீயரிங் கேட்டிருக்கிறார், கால்குலஸில் 'சி' என்றால், தகுதியுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் காத்திருக்கும் இடத்தில் அவரைத் தள்ளிவைக்க அது போதும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தேர்வுக்கான ஜி.பி.ஏ.வை (கிரேடுகளின் சராசரி) பத்து, பதினொன்றாம் வகுப்பு கிரேடுகளை வைத்தே கணக்கிடுகிறது. அதனால் பன்னிரண்டாம் வகுப்பு கணக்கில் வராது என்று மாணவர்கள் பேசிக்கொள்வதுண்டு. அதை நம்பாதீர்கள். அட்மிஷனே நிபந்தனையோடுதான் வருகிறது: பாடங்களில் 'டி', 'எஃப்' கூடாது, கடைசி ஆண்டு ஜி.பி.ஏ. பொதுவாக 3.0-க்குக் குறையக் கூடாது, விண்ணப்பத்தில் காட்டிய பாடத்தைக் கைவிட்டால் தெரிவிக்க வேண்டும். ஏபி எனப்படும் கல்லூரித் தரப் பாடங்களை விண்ணப்பத்தில் அடுக்கிவிட்டு வசந்தகால செமஸ்டரில் சத்தமில்லாமல் விலகுவதும் சரிவாகவே பார்க்கப்படும்.

ஒரு 'ஏ', 'பி' ஆனதற்காக யாரும் சீட்டைப் பறிப்பதில்லை. வரிசையாக 'சி', அல்லது ஒரு 'டி' வந்தால் பல கல்லூரிகள் முதலில் விளக்கம் கேட்டு எழுதும். சில எச்சரிக்கையோடு சேர்த்துக்கொள்ளும். உடல்நலக் குறைவு, வீட்டில் ஒரு மரணம், மன அழுத்தம் போன்ற காரணங்களைக் கவுன்சிலரும் உறுதிசெய்தால் பெரும்பாலும் காதுகொடுத்துக் கேட்பார்கள். என் பார்வையில், பிள்ளைகளை உண்மையில் கவிழ்ப்பது மௌனம். வீட்டில் திட்டுவார்களே என்ற பயத்தில் மறைக்கிறார்கள். இறுதி டிரான்ஸ்கிரிப்ட் கோடையில் கல்லூரியை எட்டும்போது, மாற்று இடம் தேட அவகாசமே இருப்பதில்லை.

பெற்றோரே, கிரேடு சரிந்தது தெரிந்தால் கோபத்தை ஒதுக்கிவையுங்கள். அந்த வாரமே பிள்ளையோடு கவுன்சிலரைப் பாருங்கள். என்ன நடந்தது, இப்போது என்ன செய்கிறேன் என்று பிள்ளையே தன் வார்த்தையில் எழுதி, கல்லூரி கேட்பதற்கு முன்பே அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பட்டும்.