'டைவல்ஜ்': கமுக்கம் கலைக்கும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'டைவல்ஜ்' என்பது, வெளியே சொல்லக்கூடாத செய்தியைச் சொல்லிவிடுவதைக் குறிக்கும் வினைச்சொல். 'டிவல்ஜ்' என்று உச்சரிப்பவர்களும் உண்டு. அழுத்தம் எப்போதும் இரண்டாம் அசையில்தான்.

15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்த இச்சொல்லின் வேர் லத்தீன். 'வுல்குஸ்' என்றால் பொதுஜனக் கூட்டம். ஒரு செய்தியை அந்தக் கூட்டத்தில் பரவவிடுவது 'டிவுல்காரே'. 'வல்கர்' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததே. தொடக்கத்தில் ரகசியம் என்ற பொருள் இதில் கட்டாயமாக இல்லை. ஊரறியச் சொல்வது எதற்கும் பொருந்தியது. ஸ்பானிய மொழியில் 'திவுல்கார்' இன்றும் அறிவியலை எல்லோரிடமும் கொண்டுசேர்க்கும் நல்ல பணியைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில்தான் பொருள் சுருங்கி, ரகசியத்தோடு ஒட்டிக்கொண்டது. தமிழில் அம்பலம் என்ற பொதுவிடத்திலிருந்து 'அம்பலப்படுத்து' பிறந்ததும் இதே போக்குதான். ஆனால் அதில் குற்றத்தை வெளிக்கொணரும் தொனி உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு 'எக்ஸ்போஸ்' இருக்கிறது.

பெயர், தொகை, முகவரி, திட்டம் போன்ற தகவல்களே இந்த வினைக்குச் செயப்படுபொருளாக வரும். யாரிடம் சொல்லப்பட்டது என்பதைக் குறிக்க 'டு' என்ற முன்னிடைச்சொல் தேவை. எதிர்மறையில்தான் இது அதிகம் புழங்குகிறது: விலையைச் சொல்ல நிறுவனம் மறுத்தது, செய்தி தந்தவர் பெயரைச் சொல்ல நிருபர் மறுத்தார் என்பது போல. பஸ் ஆறு மணிக்குக் கிளம்பும் என்று ஒருவர் சொன்னதற்கு இதைப் பயன்படுத்தினால் பொருந்தாது. மறைக்கவேண்டிய காரணம் ஏதாவது இருக்கவேண்டும்.

நெருங்கிய சொற்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. 'ரிவீல்' திரையை விலக்குவது. ரகசியமே இல்லாத அழகையும் அது காட்டும். 'டிஸ்க்ளோஸ்' சட்டத்துக்கும் கணக்குக்கும் உரியது. சொத்து விவரத்தைக் கடமையாகத் தெரிவிப்பது அந்த வகை. 'லீக்' யார் கையால் என்று தெரியாத கசிவு. நம்பிய ஒருவரிடம் மனம்விட்டுச் சொல்வது 'கன்ஃபைட்'. இந்திய அமைச்சர்கள் எடுக்கும் ரகசியக் காப்பு உறுதிமொழியின் ஆங்கில வாசகம் 'ரிவீல்' என்பதையே கையாள்கிறது.

ஒரு நாட்டின் சட்டமே 'டைவல்ஜ்' என்ற சொல்லில் சிக்கிக்கொண்ட வரலாறும் உண்டு. அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டம், 605-ஆம் பிரிவில், அனுப்பியவரின் அனுமதியின்றி ஒரு செய்தியை இடைமறித்து 'டைவல்ஜ்' செய்யக்கூடாது என்றது. 1937-இல் நார்டோன் என்பவர் மீதான மதுக்கடத்தல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தொலைபேசியில் ஒட்டுக்கேட்டதை அரசு அதிகாரிகள் நீதிமன்றத்தில் சாட்சியமாகச் சொல்வதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும், ஆகவே அந்தச் சாட்சியம் செல்லாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

அத்தோடு ஒட்டுக்கேட்பது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. இடைமறிப்பதும் வெளியிடுவதும் சேர்ந்தால்தான் குற்றம், கேட்டதை அரசுக்குள்ளேயே பகிர்வது 'டைவல்ஜ்' ஆகாது என்று நீதித்துறை அமைச்சகம் பொருள் கொண்டது. 1940-இல் அதிபர் ரூஸ்வெல்ட், நாட்டுக்கு எதிரான நடவடிக்கைகளில் சந்தேகிக்கப்பட்டவர்களை ஒட்டுக்கேட்க ரகசியமாக அனுமதி கொடுத்தார். அமெரிக்கப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. பல ஆண்டுகள் இந்த விளக்கத்தின் நிழலிலேயே ஒட்டுக்கேட்டது. குடிமக்களின் அந்தரங்கத்தைக் காக்க எழுதப்பட்ட ஒரு சொல், அதைக் குலைப்பதற்கே வழிவிட்டது. அமைச்சகத்தின் விளக்கம் நேர்மையான வாசிப்பு அல்ல.

1968-இல் வந்த புதிய சட்டம் இந்த ஓட்டையைப் பெருமளவு அடைத்தது. குற்ற விசாரணைக்காக ஒட்டுக்கேட்க நீதிமன்ற ஆணை தேவை என்றாயிற்று. அனுமதியின்றி ஒட்டுக்கேட்பது, வெளியே சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அதுமுதல் தனிக்குற்றம்.