வாக்குச் சீட்டும் தோட்டத் தமிழரும்

பொதுத் தேர்தல் நாளன்று நாட்டிலுள்ள பள்ளிக்கூடங்கள் பல வாக்குச் சாவடிகளாக மாறுகின்றன. தமிழ்ப் பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். மாணவர் அமரும் வகுப்பறை வாயிலில் அன்று அவர்தம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் வரிசையில் நிற்கின்றனர். அறையினுள் ஒருவர் கழிக்கும் நேரம் சில நிமிடங்களே. பெயர் படிக்கப்படுகிறது, விரலில் மை இடப்படுகிறது, சீட்டில் ஒரு குறி, பெட்டியில் சீட்டு. இவ்வளவு எளிதாகத் தோன்றும் இச்செயலுக்கு இரண்டு தூண்கள் உண்டு. பட்டியலில் பெயர் இருத்தல் ஒன்று; இன்னாருக்கு வாக்களித்தார் என்பதைப் பிறர் அறியாதிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் எளிய மக்களுக்குத் தாமே கிடைத்தவை அல்ல.

குடவோலையும் வாக்குச் சீட்டும்

தேர்தல் என்றவுடன் தமிழாசிரியர் நெஞ்சில் முதலில் தோன்றுவது உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் தமிழர்க்குப் பெருமை தருவன என்பதில் ஐயமில்லை. ஆயினும், குடவோலை முறையும் இன்றைய வாக்களிப்பும் ஒன்றென மாணவர்க்குக் கற்பித்தல் பொருந்தாது. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அது திருவுளச் சீட்டு. மக்கள் தம் விருப்பத்தைக் குறித்த சீட்டு அன்று. மேலும், இறை செலுத்தும் கால் வேலி நிலத்திற்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியவராகவும், 35 வயதுக்கு மேல் 70-க்கு உட்பட்டவராகவும் இருப்போர் பெயரே குடத்தில் இடம்பெறும். பிறர் நிலத்தில் பாடுபட்டுப் பிறர் கொடுத்த வீட்டில் குடியிருந்தோர்க்கு அங்கே இடமில்லை. ஆளுக்கு ஒரு வாக்கு என்பது பிற்கால உலகம் கண்ட நெறி.

மறைவு ஏன் வேண்டும்?

வாக்கு மறைவாக அளிக்கப்பட வேண்டும் என்பதும் அண்மைக் காலத்து வழக்கமே. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசாங்கம் வாக்குச் சீட்டு அச்சிடவில்லை. கட்சிகளே தத்தம் சீட்டுகளை அச்சிட்டு வழங்கின. அவற்றின் நிறமும் அளவும் வேறுபட்டமையால், ஒருவர் எக்கட்சிச் சீட்டைப் பெட்டியில் இடுகிறார் என்பதைச் சுற்றி நின்றோர் எளிதில் கண்டனர். கூலி கொடுப்போன் கண்டான்; கையூட்டுக் கொடுத்தவனும் கண்டான். இக்குறையை முதலில் நீக்கியவை ஆஸ்திரேலியக் குடியேற்ற நாடுகளாகும். 1856-இல் விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் மறைவு வாக்களிப்பைச் சட்டமாக்கின. எல்லார்க்கும் ஒரே வகையான சீட்டை அரசே அச்சிடுதல், தனித் தடுப்புக்குள் நின்று குறியிடுதல் என்பன இம்முறையின் கூறுகள். இங்கிலாந்து 1872-இல் இதனை மேற்கொண்டது. அமெரிக்காவில் 1888-இல் மாசச்சூசெட்சு மாநிலம் சட்டம் இயற்ற, ஏனைய மாநிலங்களும் பின்பற்றின.

தோட்டத்தில் வாழ்ந்தவர்க்கு இம்மறைவின் அருமை நன்கு விளங்கும். அங்கே வேலையும் துரை கொடுப்பது; லயத்து வீடும் துரை கொடுப்பது. வேலை போயின் வீடும் போகும். அத்தகைய இடத்தில் கையுயர்த்தி வாக்களிக்கச் சொன்னால், கிராணியார் முகத்தைப் பாராது கை உயருமா? ஆகவே, அட்டைத் தடுப்பு ஒன்றுதான் என்றாலும், அது பால்மரம் வெட்டுபவரையும் தோட்டத் துரையையும் ஒரு நிமிடமேனும் சமமாக்குகிறது. 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டமும் இங்கே துணை நிற்கிறது. வாக்களிக்கப் போதிய நேரத்தைத் தொழிலாளிக்கு முதலாளி தரவேண்டும். அதற்காகச் சம்பளத்தைக் குறைத்தல் ஆகாது. கையூட்டு, விருந்தளிப்பு, மிரட்டல் ஆகியனவும் அச்சட்டப்படி குற்றங்களே.

பட்டியலில் ஏறிய வரலாறு

மலாயாவில் போருக்குப் பிந்திய தேர்தல் வரலாறு பினாங்கிலேயே தொடங்கியது. 1951 டிசம்பர் 1-ஆம் நாள் ஜார்ஜ் டவுன் நகராண்மைக் கழகத்தின் 9 இடங்களுக்கு மக்கள் வாக்களித்தனர். பின்னர், 1955 ஜூலை 27-இல் கூட்டரசுச் சட்டமன்றத்தின் 52 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. எழுத்தறியாதாரும் வாக்களிக்க ஏதுவாகச் சின்னங்கள் பயன்பட்டன. பாய்மரக் கப்பலைச் சின்னமாகக் கொண்ட கூட்டணி 51 இடங்களில் வென்றது.

ஆயினும், அத்தேர்தலில் தோட்டத் தமிழருள் பெரும்பாலோர்க்கு வாக்கில்லை. 1957-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர். 1955 வாக்காளர் பட்டியலிலோ அவர்தம் பங்கு 5 விழுக்காட்டிற்கும் குறைவு. காரணம் குடியுரிமை இன்மையே. தலைமுறையாக இங்கு உழைத்தும், இங்கேயே பிறந்தும், சட்டத்தின் கண்ணுக்குப் பலர் அயலாராகவே இருந்தனர். 1957-இல் விடுதலை பெற்ற நாட்டின் அரசியலமைப்பு, குடியுரிமைக்கு வழியை அகலமாக்கியது. 1959 பொதுத் தேர்தலில் இந்திய வாக்காளர் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடாயிற்று. விண்ணப்பிக்காது விட்டவர் பட்ட துன்பமும் பெரிது. குடியுரிமை இல்லாதார் வேலைசெய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் எனும் சட்டம் 1968-இல் வந்தபின், ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குக் கப்பலேற நேர்ந்தது.

பெற்ற வாக்கும் நிலைத்திருக்கும் என்பதற்கில்லை. இலங்கை மலையகத் தமிழர் வரலாறே சான்று. 1947 பொதுத் தேர்தலில் அவர்கள் தேயிலைத் தோட்டத் தொகுதிகள் சிலவற்றிலிருந்து தம் பேராளரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். மறு ஆண்டே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் அவருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தம் அவர்தம் பெயர்களைப் பட்டியலினின்றும் நீக்கியது. நாடற்றோர் சிக்கலை முற்றும் தீர்க்கும் நோக்குடன் இயற்றப்பட்ட சட்டம் 2003-இல்தான் வந்தது. இடையில் கழிந்தவை அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆண்டுகள்.

சாவடியில் நிகழ்வன

இன்று நம் நாட்டுச் சாவடியில் நிகழ்வன ஒவ்வொன்றும் ஒரு காரணம் பற்றியே அமைந்தவை. வாக்காளர் முதலில் தமக்குரிய சாலுரான் எண்ணை அறிந்து கொள்கிறார். சாலுரான்கள் பெரும்பாலும் வயது முறையில் பிரிக்கப்படுவதால், முதியோர் முதல் சாலுரானில் அமைவர். அறையினுள் முதல் எழுத்தர் அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரை உரக்கப் படிக்கிறார். கூச்சமுடையோர் சிலர் இதற்குத் திகைப்பதுண்டு. வேட்பாளர்களின் முகவர்கள் கேட்டுத் தம் பட்டியலுடன் ஒத்துப் பார்ப்பதற்காகவே அவ்வாறு படிக்கப்படுகிறது. இரண்டாம் எழுத்தர் இடக்கைச் சுட்டுவிரலில் மை இடுகிறார். ஒருவர் இருமுறை வாக்களியாமல் தடுப்பது அதன் நோக்கம். இந்தியாவில் 1962 முதல் வழங்கிவரும் இவ்வழக்கம் இங்கே 2013 பொதுத் தேர்தலில்தான் வந்தது. மை எளிதில் அழிகிறதென அன்று முறையீடுகளும் எழுந்தன. மூன்றாம் எழுத்தர் சீட்டை அளிக்கிறார். தடுப்புக்குள் சென்று விரும்பிய வேட்பாளர்க்கு நேரே ஒரு பெருக்கற்குறி இடவேண்டும். இருவர்க்குக் குறியிட்டாலும், தம் பெயரையோ கையெழுத்தையோ எழுதினாலும் அச்சீட்டு செல்லாது. பண்பு கருதிக் கையெழுத்திடும் பெரியவர் தம் வாக்கையே இழந்துவிடுவார்.

இன்றைய கடமை

அரசியலமைப்புத் திருத்தம் 2019-இல் நிறைவேறி, 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தபின், 18 வயதடைந்த குடிமக்கள் பெயர் தானே பட்டியலில் ஏறுகிறது. 2018-இல் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2022-இல் 2 கோடியே 11 இலட்சத்தைக் கடந்தது. ஆனால், தானே ஏறுவது குடிமகன் பெயர்தான். பிறப்புப் பதியப்படாதவர்க்கும், சிவப்பு அடையாள அட்டையுடன் முதுமை எய்தியவர்க்கும் இவ்வசதி பயன்படாது. மேலும், பட்டியல் அடையாள அட்டையிலுள்ள முகவரியைப் பின்பற்றுவது. தோட்டம் துண்டாடப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்ட பின்னும் பழைய முகவரியை மாற்றாதவர், வாக்களிக்க நெடுந்தொலைவு செல்ல நேர்கிறது. செல்ல இயலாதவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

இங்கேதான் ஆசிரியரின் பணி பயன்தருவது. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் பிறப்புப் பத்திரத்தை முதலில் பார்ப்பவர் அவரே. பத்திரம் இல்லாத பிள்ளை, பதியப்படாத திருமணம், தவறாக எழுதப்பட்ட பெயர் ஆகியவற்றை அன்றே கண்டு, பெற்றோரைப் பதிவகத்துக்கு அனுப்பி வைப்பாராயின், பதினோராண்டுகளுக்குப் பின் அப்பிள்ளையின் பெயர் சாவடியில் உரக்கப் படிக்கப்படும். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லவேண்டுவதில்லை. அது தடுப்புக்குள் நிற்பவர்க்கே உரியது.